குப்பைமேட்டு வயலினும் பரண்மேல் பறையும்

எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் மாதம் ஒருமுறை படம் போடுவோம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஓட்டுவோம். கோடை விடுமுறையில் ஒருநாள் 'லேண்ட்ஃபில் ஹார்மோனிக்' என்கிற ஆவணப்படத்தைப் போட்டோம். 2015-இல் வந்தது. பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோனை ஒட்டி கத்தேயூரா என்று ஒரு குப்பைமேடு. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் வந்து கொட்டும். அதைக் கிளறிப் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஃபாவியோ சாவேஸ் என்பவர் இசை சொல்லித்தரப் போகிறார். பிள்ளைகள் நிறைய, வாத்தியம் கொஞ்சம். ஒரு வயலின் விலைக்கு அங்கே ஒரு வீட்டையே வாங்கிவிடலாம். அப்போது நிக்கோலாஸ் கோமெஸ் என்கிற குப்பை பொறுக்கும் தொழிலாளி தகர டப்பாவையும் முள்கரண்டியையும் வைத்து வயலின் செய்கிறார். எண்ணெய் டிரம் செலோவாகிறது. வடிகால் குழாய் சாக்சபோன் ஆகிறது. அந்தப் பிள்ளைகள் உலக மேடைகளுக்குப் போகிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவருக்கு 'கண்டக்டர்' என்று பெயர் என்றதும் ஒருவன், "டிக்கெட் குடுப்பாரா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். படம் முடிந்து வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பசங்க வயலின் வர்றதுக்கு முன்னாடி இன்னா அடிச்சிக்கினு இருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் படத்திலும் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. குப்பைமேட்டு ஜனங்களுக்கு அதற்கு முன்னால் பாட்டே இல்லாதது போலவும், இசை என்பது வெளியிலிருந்து வந்து இறங்கியது போலவும் படம் நகர்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணின் கேள்வியிலிருந்து கிளம்புகிறது.

முதலில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்கிற சொல்லைப் பார்ப்போம். வானூர், கிளியனூர், மயிலம் பக்கத்தில் இந்தச் சொல் யாருக்கும் புதிதல்ல. ஆடி மாதம் அம்மன் திருவிழா என்றால் நோட்டீசில் கடைசி வரி 'இரவு 10 மணியளவில் மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா' என்றிருக்கும். கீபோர்டு, பேட், கிடார், இரண்டு பாடகர்கள், சினிமாப் பாட்டு. இந்தக் குழுவுக்கு மேடை உண்டு, முன்பணம் உண்டு, சீரியல் லைட் உண்டு. அதே திருவிழாவில் பகல் முழுக்க சாமிக்கு முன்னால் வெய்யிலில் நடந்து அடித்த மேளக்காரருக்கு மேடை கிடையாது. நோட்டீசில் பெயரும் இராது. ராத்திரி அவர் கூட்டத்துக்குப் பின்னால் துண்டை விரித்து உட்கார்ந்து ஆர்க்கெஸ்ட்ரா கேட்டுக்கொண்டிருப்பார். மேடையில் கீபோர்டு வாசிக்கிற பையன் அவருடைய பேரனாகவே இருக்கலாம். நான் அப்படி ஒரு தாத்தாவையும் பேரனையும் பார்த்திருக்கிறேன். ஒரே குடும்பத்தில் ஒருவர் 'கலைஞர்', இன்னொருவர் 'வெட்டியான்'. நடுவில் மாறியது வாத்தியம் மட்டும்தான்.

ஆக, எந்த வாத்தியம் பள்ளிக்கூடத்துக்குள் வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்பது இசை ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல.

உலகம் முழுக்க இப்போது ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா சொல்லித்தருவது ஒரு இயக்கமாக இருக்கிறது. இதற்கு முன்மாதிரி வெனிசுவேலாவின் 'எல் சிஸ்தெமா'. ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கினார். ஐரோப்பிய சிம்பொனி இசையைக் கற்பதன் வழியாக வறுமையிலிருந்தும் வன்முறையிலிருந்தும் பிள்ளைகளை மீட்பது என்பது அதன் வாக்குறுதி. பல நாடுகள் அதைப் பார்த்து ஆரம்பித்தன. சென்னையில் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியோடு சேர்ந்த 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஏ.ஆர். ரகுமான் அறக்கட்டளை நடத்துகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வயலின், வியோலா, செலோ எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். கேட்டிருக்கிறேன். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பிள்ளை கையில் செலோ இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் நம் ஆள் கிடையாது.

ஆனால் எல் சிஸ்தெமாவை அங்கேயே தங்கி ஆய்வு செய்த ஜெஃப்ரி பேக்கர் என்கிற ஆங்கிலேய ஆய்வாளர் 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அவர் சொன்னது இதுதான்: ஆர்க்கெஸ்ட்ரா என்பது ஜனநாயகத்தின் பள்ளி என்று சொல்லப்படுகிறது, ஆனால் அதன் அமைப்பு தலைகீழானது. ஒருவர் குச்சி ஆட்டுவார், நூறு பேர் கீழ்ப்படிவார்கள். ஏழைகளிடம் ஒழுங்கு இல்லை, ஆகவே அவர்களுக்கு ஒழுங்கு கற்பிக்க வேண்டும் என்கிற பழைய எண்ணம்தான் அதன் அடியில் ஓடுகிறது. உள்ளூர் மக்களின் இசை ஓரத்தில் தள்ளப்படுகிறது. பேக்கருக்கு நம் சேரி தெரியாது. ஆனாலும் 'ஒழுங்கு கற்பித்தல்' என்று வாசித்தபோது எனக்குக் காதில் கேட்டது எங்கள் பள்ளிக்கூட பிரம்புச் சத்தம்தான். காலனிப் பிள்ளைகளைப் பற்றி வாத்தியார்கள் பேசும்போது வருகிற முதல் வார்த்தை 'டிசிப்ளின்'.

'ஏழைக் குழந்தைகள்' என்கிற சொல்லும் அப்படித்தான். பத்திரிகைகள் இப்படிப்பட்ட குழுக்களைப் பற்றி எழுதும்போது குடிசை வரும், ஆட்டோ ஓட்டும் அப்பா வருவார், வீட்டு வேலை செய்யும் அம்மா வருவார். சாதி வராது. வறுமை என்று சொன்னால் எல்லோருக்கும் கண் கலங்கும். சாதி என்று சொன்னால் அரங்கத்தில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி, பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான அந்தக் குடும்பங்களைப் பற்றி, 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை 2020-இல் வெளியிட்டபோது என்ன நடந்தது? வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆசிய இதழியல் கல்லூரியில்தான் வெளியிட்டார்கள். மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத்தோல். அதை உரித்து, காய வைத்து, வெட்டி, பிடித்துக் கட்டுகிற கை யாருடையது என்று சொன்னதுதான் குற்றம். தோல் சபாவுக்குள் போகும், அதைச் செய்தவன் பெயர் போகாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 'ஆகவே வயலினைத் தூக்கி எறி, பறையை எடு' என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்கிற கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டு எழுதியும் இருக்கிறேன். அது அவ்வளவு சுலபம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்று, கிடைத்த வாத்தியத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்வதும் ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறுதான். லூயி ஆம்ஸ்ட்ராங் முறையாகக் கார்னெட் கற்றது 1913-இல், நியூ ஆர்லியன்ஸில், கறுப்பினச் சிறுவர்களை அடைத்து வைத்திருந்த சீர்திருத்த இல்லத்தின் பேண்டு குழுவில். அவர்களுக்கு ஒழுங்கு கற்பிக்கத்தான் அந்தப் பேண்டு. அதே வெள்ளைக்காரன் வாத்தியத்தில்தான் ஜாஸின் போக்கையே அவர் மாற்றினார். நம் பக்கத்துப் பேண்டு செட்டைப் பாருங்கள். கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம். ராணுவ உடுப்பு மாதிரி சரிகை வைத்த கோட்டு, தொப்பி. கல்யாண ஊர்வலத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! அந்தக் கோட்டைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. மேல்துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன தெருவில் தோளில் பித்தளைப் பட்டையோடு நடப்பது சாதாரணமா?

பண்ணைபுரத்திலிருந்து கிளம்பிய இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் போன் வைத்திருந்த ஒவ்வொரு பையனும் அந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம். அந்தப் பையன்கள் அவரை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாவது விஷயம் கஷ்டமானது. பறையைப் பற்றி நம்மிடையே ஒரே கருத்து இருந்தது கிடையாது. இந்தப் பழைய தென்னார்க்காட்டில்தான் எல். இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுச் செய்தி சொல்லப் போகமாட்டோம் என்று சேரி சேரியாகப் போய்ச் சொன்னார். அவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். 1965-இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். 1969-இல் அறிக்கை கொடுத்தார். பறையை நிறுத்தியதற்காக அடி வாங்கிய சேரிகள், கூலி வேலை மறுக்கப்பட்ட சேரிகள் இந்த மண்ணில் உண்டு. பறையைக் கிழித்ததும் எரித்ததும் நம் விடுதலை வரலாற்றின் ஒரு அத்தியாயம். அதைக் கடந்து வந்த கிழவனிடம் போய் 'பறை ஆதித் தமிழனின் கலை' என்று சொன்னால் அவன் சிரிப்பான்.

இன்னொரு பக்கம் கே.ஏ. குணசேகரன். மாரந்தையில் பிறந்து, புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராக இருந்தவர். 2016-இல் மறைந்தார். எங்கள் வானூரிலிருந்து காலாப்பட்டு எட்டிப் பிடிக்கிற தூரம். 'நாட்டுப்புறவியல்' என்று பொதுவாகப் பேசுவது சேரியின் கலையை ஊரின் கணக்கில் எழுதுவது என்று கண்டு 'சேரிப்புறவியல்' என்று பெயர் வைத்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் ஜனங்களுக்குப் 'பரட்டை அண்ணன்', சபைப் பாட்டையே தெம்மாங்கில் போட்டார். எழுதி அச்சடித்த கீர்த்தனையை மாற்ற முடியாது, நாட்டார் பாட்டை யார் வேண்டுமானாலும் தன் நிலைமைக்குத் தக்க மாற்றிப் பாடலாம், அதில்தான் விடுதலை இருக்கிறது என்பது அவர் வாதம். அந்தத் தலைமுறை பறையை அடிமைத் தொழிலிலிருந்து பிரித்து மேடைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', மார்கழி தோறும் நடக்கிற 'மக்களிசை' எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 2025-இல் பறையிசைக்காக வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இளையபெருமாளா, குணசேகரனா? இந்தக் கேள்வியை நான் எம்.ஏ. படித்தபோது யாரும் கேட்கவில்லை. தொல்காப்பியத்தில் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளில் ஒன்றாகப் பறை வருகிறது. புறநானூற்றில் துடியன், பாணன், கடம்பன் வரிசையில் பறையனும் வருகிறான். எங்கள் பேராசிரியர் துடியனுக்கு விளக்கம் சொன்னார், பாணனுக்கு அரை மணி நேரம் சொன்னார், பறையன் என்ற சொல் வந்ததும் 'ஒரு குடி' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். வகுப்பில் நாங்கள் ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டோம். எதற்குக் குனிந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

இந்த இடத்தில் திண்டுக்கல் 'சக்தி' கலைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருட்சகோதரி சந்திரா அவர்களும் சகோதரி பெல்சியும் சேர்ந்து உருவாக்கியது. பள்ளியை விட்டு நின்ற இளம் தலித் பெண்கள் அங்கே வந்து தங்கிப் பறை கற்கிறார்கள். தையலும் கற்கிறார்கள். கூடவே சமூகப் பகுப்பாய்வு என்று, தன் ஊரில் தண்ணீர்க் குழாய் ஏன் அந்தத் தெருவோடு நின்றது, அம்மாவின் கூலி ஏன் அப்பாவின் கூலியைவிடக் குறைவு என்றெல்லாம் பேசுகிறார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அப்பாவுவிடம் பாடம் கேட்டவர் அவர்.

நான் பார்த்தவரையில் இந்தக் குழுவின் சாதனை தாளத்தில் இல்லை. பறை அடிப்பது ஆணின் வேலை, அதுவும் சாவுக்குப் போகிற ஆணின் வேலை என்று இருந்தது. அதைத் தாவணி வயசுப் பெண் தோளில் மாட்டி, காலை அகட்டி வைத்து, நிமிர்ந்து அடிக்கும்போது இரண்டு பூட்டு ஒரே நேரத்தில் உடைகிறது. பறை உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் இல்லை. குனிந்துகொண்டு அடிக்க முடியாது. 'வெட்கப்படாதே' என்று ஒரு பெண்ணுக்கு நூறு முறை சொல்வதைவிட ஒரு பறையை மாட்டிவிடுவது மேல். அந்தப் பெண்கள் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக ஊர் ஊராகப் போகிறார்கள். ஒருத்திக்கு அடி பிசகினால் பக்கத்தில் நிற்பவள் கண்ணால் பிடித்துக்கொள்கிறாள். குச்சி ஆட்டுகிற கண்டக்டர் அங்கே இல்லை.

எனக்கு இதிலும் ஒரு உறுத்தல் உண்டு. ஒரே நிறச் சேலை, ஒரே வரிசை, முடிந்ததும் வணக்கம், விருந்தினர் கைத்தட்டல். இந்த வடிவம் எங்கே போனாலும் ஒன்றுபோல இருக்கிறது. மேடை பறையை விடுவித்தது, சரி. ஆனால் மேடை பறையைக் கொஞ்சம் சலவை செய்தும்விட்டது. அடித்துக்கொண்டே அழுத, அடித்துக்கொண்டே வைத கிழவனின் பறையில் இருந்த ஒரு கோணல் இப்போது எங்கும் இல்லை. பழைய செட்டுகளை நான் பொன்னுலகமாகச் சொல்லவில்லை. அங்கே வாத்தியாரின் அடி உதை இருந்தது, சாராயம் இருந்தது, பெண்ணுக்கு இடமே இல்லை. அந்தக் கோணலை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறேன்.

இப்போது எங்கள் கதை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு மாதம் கழித்துப் பதினோரு பிள்ளைகள் சேர்ந்து பறை கற்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் இந்தத் தாலுக்காவில் உள்ள ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவர்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். 2022-லிருந்து தமிழக அரசு நடத்துகிற பள்ளிக் கலைத் திருவிழாவில் கலந்துகொள்ள வேண்டும், கலையரசன், கலையரசி பட்டம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஒரு அரசுப் பள்ளிப் பிள்ளை பறையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நுழையலாம் என்றானது சாதாரணம் இல்லை.

ஆனால் நுழையும்போது என்ன நடந்தது? தலைமையாசிரியர் நல்ல மனிதர், எதையும் தடுக்கவில்லை. மூன்று விஷயம் மட்டும் சொன்னார். பள்ளிக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. தோல் வேண்டாம், நாற்றம் வரும், பெற்றோர் புகார் சொல்வார்கள், பிளாஸ்டிக் போட்டது கிடைக்கிறதே, அதை வாங்குங்கள். மூன்றாவது, பதிவேட்டில் 'பறைக் குழு' என்று போடாமல் 'நாட்டுப்புற இசைக் குழு' என்று போடுங்கள்.

பறை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மரக்கட்டையை வளைத்துச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசை தடவி, மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவது. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்ட வேண்டும். தோல் முறுகி, தட்டினால் 'கிண்' என்று வரவேண்டும். ஈரக்காற்று அடித்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். வட்டமாக நின்று பறை காய்ச்சுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் செட்டு செட்டாகிறது. யார் சாப்பிடவில்லை, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிளாஸ்டிக் பறைக்கு இது எதுவும் வேண்டாம். மழையிலும் அடிக்கலாம். சத்தம் கூர்மையாக, எப்போதும் ஒரேமாதிரி இருக்கும். தோலும் இல்லை, தீயும் இல்லை, பெயரும் இல்லை. அப்படி வந்தால் உள்ளே வா. சபாவில் மிருதங்கத்தின் தோல் யார் மூக்கிலும் நாறவில்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

நான் சண்டை போட வேண்டும் என்றேன். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். பத்தாம் வகுப்புப் பையன் சொன்னான்: "சார், மொதல்ல உள்ள பூந்துடலாம். அப்புறம் பேர மாத்திக்கலாம்." நான் படித்த எந்தக் கலாச்சார அரசியலிலும் இப்படி ஒரு வாக்கியம் இல்லை. பிளாஸ்டிக் பறை ஆறு வாங்கினோம். பதினோரு பேருக்கு ஆறு. ஆறு பேர் அடிக்கும்போது ஐந்து பேர் பெஞ்சில் குச்சியால் அடிப்பார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். இடது கையில் மெல்லிசான நீளக் குச்சி, வலது கையில் கட்டைக் குச்சி. குச்சியை அவர்களே மூங்கில் சீவிச் செய்தார்கள். தாளம் பிடிபடாத பையன் ஒருவன் இருந்தான். அவனை ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்தினார்கள், இரண்டு பக்கமும் காதில் விழட்டும் என்று. யாரும் சொல்லித்தரவில்லை இதை. மூன்று வாரத்தில் அவனுக்கு வந்துவிட்டது.

பதினோரு பேரில் இரண்டு பேர் ஊர்த்தெருப் பிள்ளைகள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிநாயகம் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கையில் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது, பள்ளிப் பெயரில் சாதியை எடுக்கச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கலாம். அவிழ்த்த கையில் என்ன கொடுப்பது என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். எங்கள் குழுவில் இருந்த ஊர்ப்பையன் கையில் கயிறும் இருந்தது, பறைக் குச்சியும் இருந்தது. கொஞ்ச நாளில் கயிறு குச்சியில் உராய்கிறது என்று அவனே அறுத்துப் போட்டான். இதைப் பெரிய புரட்சியாக நான் எழுதவில்லை. அவன் அம்மாவுக்குத் தெரிந்ததும் அவன் நின்றுவிட்டான். இன்னொருவன் இன்னும் வருகிறான். வீட்டில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று சொல்லியிருக்கிறான்.

ஊர் வீட்டில்தான் எதிர்ப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் அம்மா திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் ஜல்லி அள்ளுகிறவர். என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். "ஏம்பா தம்பி, எங்க மாமனாரு சாவு வூட்ல அடிச்சி அடிச்சிதான் செத்தாரு. எம்பொண்ணு டீச்சராவட்டும்னு அனுப்பிச்சா நீ அவ தோள்ல அதையே மாட்டிவுடறியே. நீ படிச்சிட்ட, உனுக்கு இது கலை. எங்களுக்கு இன்னா?" என்றார்.

பேராசிரியரிடம் குனிந்த தலை இந்த அம்மாவிடமும் குனிந்தது. ஆனால் இந்தக் குனிவில் எனக்கு எரிச்சல் இல்லை. அவர் கேட்டது இளையபெருமாளின் கேள்வி. அடுத்தவனுக்காக அடித்த பறை, நமக்காக நாம் அடிக்கிற பறை என்று நான் மேடையில் பேசுகிற வித்தியாசத்தை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "தெருவுல பாக்குறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்றார். விழுப்புரத்துக்குப் பக்கத்து மேல்பாதியில் நம் ஆட்கள் கோயிலுக்குள் போனதற்காகத் திரௌபதி அம்மன் கோயிலையே 2023 ஜூனில் இழுத்து மூடிச் சீல் வைக்கிற நிலைமை வந்தது. அந்தத் தெருவில் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும் என்று நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்?

அந்தப் பெண் இப்போதும் அடிக்கிறாள். பறையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டுப் போகிறாள். மற்றப் பிள்ளைகள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவளுக்குச் சாயங்காலம் நேரமாகிவிட்டால் இரண்டு பெண்கள் கூடவே போய், கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம் என்று அவள் அம்மாவிடம் சொல்வார்கள். பொய் ஒப்பாமல் போகக் கூடாதென்று போகிற வழியில் நிஜமாகவே இரண்டு கணக்கு போடுவார்களாம். அவளுடைய கணக்கு மார்க் ஏறியிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஆரம்பத்திலிருந்து நான் எல் சிஸ்தெமா, சன்ஷைன், சக்தி என்று பேசிக்கொண்டு வந்தேன். வாத்தியம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து ஆரம்பித்தேன். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தபின் அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. பெஞ்சில் அடித்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிற ஐந்து பேர் இருக்கிறார்களே, அவர்களை எந்தக் கலைவிழா நடுவர் பார்ப்பார்? கத்தேயூராவிலும் ஒரு தகர வயலினுக்குக் காத்திருந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

சொல்லித்தருகிறவர் பற்றி ஒன்று. ஆரம்பத்தில் யூடியூபைப் பார்த்துத்தான் கற்றார்கள். அதனால் மதுரைப் பக்கத்து அடியெல்லாம் வந்தது, எங்கள் பக்கத்து அடி ஒன்றும் வரவில்லை. எங்கள் காலனியில் பழைய மேளக்காரத் தாத்தா ஒருவர் இருக்கிறார். பறையை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போய்க் கேட்டோம். "நான் அடிச்சது போதும்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகள் விடவில்லை. தினம் சாயங்காலம் அவர் திண்ணைக்கு எதிரே நின்று தப்புத் தப்பாக அடித்தார்கள். நான்காம் நாள் தாங்கமுடியாமல் எழுந்து வந்து ஒருவன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, கல்யாண அடி, சாமி அடி இரண்டும் காட்டினார். சாவு அடியைக் கேட்டதற்கு, "அது எங்கூடவே போவட்டும்" என்றார். பிளாஸ்டிக் பறையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுவா? இது சோத்துத் தட்டு" என்றார்.

போன வாரம் பரண்மேலிருந்து தன் பழைய பறையை இறக்கிக் கொடுத்தார். தோலை எலி கடித்துக் குதறியிருக்கிறது. வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. "வேம்புக் கட்டை. பூச்சி புடிக்கல. தோலுக்கு நீங்களே பாத்துக்குங்க" என்றார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் தோல் இழுத்துக் கட்டுகிறவர் இப்போது யாரும் இல்லை. திண்டிவனம் பக்கம் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். வருகிற ஞாயிறு பிள்ளைகளோடு போய்ப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அதைக் கையில் வைத்துக்கொண்டு போவதா, கோணிப்பையில் சுற்றிக்கொண்டு போவதா என்று நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பான்மை கையில் வைத்துக்கொள்வது என்றது. அந்தப் பெண், "எங்கம்மா வேலைக்குப் போற பஸ்ஸாச்சே அது" என்றாள். ஒருவரும் பேசவில்லை. பிறகு காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போவது என்று முடிவானது.